உமி நின்ற மூலை

இசக்கித்தாய்க்கு அலுத்துவிட்டது. ஜிப்சம் போட்டாயிற்று, கொழிஞ்சித் தழை வெட்டிப் போட்டு மிதித்தாயிற்று. சீவலப்பேரிக் கடைமடையில் அவள் வயல் மட்டும் உப்புப் பூத்து வெள்ளையாகவே கிடந்தது. நட்ட பயிர் ஒரு சாண் வளர்வதற்குள் மஞ்சளாகிக் கருகும்.

"ஏளா, இந்தப் பிசான நெல்லும் இப்பிடிப் போச்சுன்னா தரிசா போட்டுருவோம். நான் செக்யூரிட்டி வேலைக்குப் போயிருதேன்" என்றார் புருஷன் வைத்தியலிங்கம். முதுகுவலிக்காரர். கோபத்தில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னதுதான் அவளைப் பயமுறுத்தியது.

முறைத் தண்ணீர் வந்த அன்று மடைவாயில் ஒரு படி உமியைத் தூவிவிட்டு, அதன் கூடவே வரப்பில் நடந்தாள். உமி நாலா பக்கமும் அலைந்து கடைசியில் கீழ்மூலையில் வந்து கூடிற்று. அங்கேயே நின்றது. மறுநாளும் நின்றது. தண்ணீர் வற்ற வற்ற அந்த இடத்தில் உப்பு படிந்தது. வந்த தண்ணீருக்குப் போக்கிடமே இல்லை.

அந்த மூலையில் முன்பு ஓடைக்கு ஒரு வடிகால் உண்டு. மழை பொய்த்த ஒரு வருஷம், பொட்டுத் தண்ணீர் வெளியே போகக்கூடாது என்று கடைமடைக்காரர்கள் எல்லோரும் வடிகாலை அடைத்தார்கள். அவளும்தான் மண் சுமந்து, ஏறி மிதித்து இறுக்கினாள். அப்புறம் மழை கொட்டிய வருஷங்களிலும் அதைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைமடைக்காரன் தண்ணீரை வெளியே விடுவானா?

"தண்ணிய நிறைய நிறுத்தி, உப்பக் கரைச்சு வடிச்சிரணும்" என்றாள் புருஷனிடம்.

"தண்ணி வாரதே அத்தி பூத்தாப்புல. அதையும் ஓடையில விடுதியா? கூறு இருக்கா ஒனக்கு?"

அடுத்த முறைத் தண்ணீர் வந்ததும் அதை வயல் நிறைய நிறுத்தினாள். விடிந்ததும் போய் மூலை வரப்பை வெட்டிவிட்டாள். கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பினால், வெட்டிய இடம் பதமாக அடைபட்டிருந்தது. பகையெல்லாம் ஒன்றுமில்லை. யார் வயலில் தண்ணீர் ஒழுகினாலும், பார்த்தவர் மண் வைத்து அடைத்துவிட்டுத்தான் போவார். அங்கே அது வழக்கம். யாரைப் போய்த் திட்டுவது?

மறுபடி வெட்டினாள். கலங்கல் தண்ணீர் ஓடையில் விழுகிற சத்தம் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. இந்தத் தண்ணீருக்காக எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருப்பாள், எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பாள்! கை தானாக மண்ணை அள்ளப் போயிற்று. இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வயல் சாலோமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏட்டி, தண்ணி பூராவும் போவுது, பாத்துக்கிட்டு நிக்கியே! இப்பந்தான அடைச்சிட்டுப் போனேன்?" என்றபடி குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள்.

இசக்கித்தாய் சேற்றில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அடக்கமாட்டாமல் அழுகை வந்துவிட்டது.

"அடைச்சிராதக்கா. இன்னொரு வாட்டி வெட்டுததுக்கு எனக்கு மனசு வராது."