காற்று அடித்த இடம்

வந்தவர் சட்டைப் பொத்தானில் கை வைப்பதற்குள் விதோசவா ஜன்னலைச் சாத்திவிடுவாள். சாத்தினால் மட்டும் போதாது. கொக்கியை மாட்டி, அது சரியாக மாட்டியிருக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்கும்படி ஒருமுறை இழுத்தும் காட்டுவாள். அடுத்தது கதவு. அதற்குப் பிறகுதான், "ம், கழட்டுங்க" என்பாள். ஜன்னலும் கதவும் எதிரெதிரே திறந்திருக்கும் அறையில் எங்கள் ஊர்க்காரர் யாரும் சட்டையைக் கழற்ற மாட்டார். தலையே போனாலும் மாட்டார்.

செர்பியாவின் தெற்கே, மொராவா ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். இங்குள்ள சுகாதார நிலையத்தில் முப்பத்தோரு வருஷமாக ஈசிஜி எடுப்பது விதோசவாவின் வேலை. வயது ஐம்பத்தாறு. குள்ளம், கனத்த கை, அதைவிடக் கனத்த குரல். நடைபாதைக் கடைசியில் காது மந்தமானவர் உட்கார்ந்திருந்தாலும் அவள் கூப்பிட்டால் எழுந்து வருவார்.

எங்கள் ஊரில் யாருக்கும் இதய நோய் வந்ததே இல்லை. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். தோள் வலியா? குறுக்குக்காற்று அடித்துவிட்டது. முதுகில் குத்தலா? மகள் வீட்டில் பின்கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். இடது கை மரத்துப்போனதா? பஸ் ஜன்னல். மாரடைப்பில் போனவரைப் புதைத்துவிட்டு வந்து சாப்பிட உட்காருகிறவர்கள்கூட, "பாவம், வேர்வையோட வாசப்படியில நின்னாரு, காத்து அடிச்சிருச்சு" என்பார்கள். சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு பன்றிக்கொழுப்பு வறுவலை எடுத்து வாயில் போட்டு, மேலே ஒரு மடக்கு ப்ளம் சாராயத்தையும் ஊற்றிக்கொள்வார்கள்.

ஒரு காலத்தில் புதிதாக வந்த டாக்டர் ஒருவர் ஒரு கொத்தனாரிடம், காற்றுமில்லை ஒன்றுமில்லை, இது இதயம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கொத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு போனவரை மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் தூக்கி வந்தார்கள். உயிர் மிஞ்சியது, ஆனால் இதயத்தில் பாதி செத்துப்போயிருந்தது. இப்போது அவர் மாடிப்படி நான்கு ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். அன்றோடு விதோசவா காற்றுடன் சண்டை போடுவதை விட்டாள்.

"காத்துதான். இல்லேன்னு யாரு சொன்னா? படுங்க. எந்த இடத்துல அடிச்சிருக்குன்னு காகிதத்துல பாத்திரலாம்."

இப்படிச் சொன்னால் ஆள் நிம்மதியாகப் படுத்துவிடுவார். அவள் ரப்பர் குமிழ்களை மார்பில் ஒட்டுவாள். காகிதம் ஓடி வரும். ஓடி வருவதைத் தலைகீழாகவே படித்துவிடுவாள். காற்று எங்கே அடித்திருக்கிறது என்று இப்போதிருக்கும் டாக்டரம்மா மெதுவாகச் சொல்லிக்கொள்ளட்டும், அது அவர் பாடு.

வியாழக்கிழமை சந்தைக்கு அவள் போனால் போலீஸ் வந்த மாதிரி இருக்கும். மேஜை மேல் இருந்த வறுவல் பொட்டலங்கள் மேஜைக்கு அடியில் போகும். அவள் கூச்சமே இல்லாமல் அடுத்தவர் பைக்குள் எட்டிப் பார்ப்பாள். "ஊறுகாய் ரெண்டு கிலோ, உப்புப் பாலாடை ஒரு கிலோ. தாத்தா, காலைல என்கிட்ட வந்து பிரஷர் எங்கிருந்து வருதுன்னு கேட்டீங்கல்ல? இதோ, பஸ் புடிச்சு வந்துட்டிருக்கு." தாத்தா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "சிஸ்டர், இது பக்கத்து வீட்டுக்கு" என்பார். அந்தப் பக்கத்து வீட்டில் ஆள் குடியிருந்து ஏழு வருஷம் ஆகிறது.

இவ்வளவு பேசுகிறவள், சுகாதார நிலையத்தின் பின்பக்கம் ஆம்புலன்ஸ் கொட்டகையில் நின்று ஒரு நாளைக்கு ஐந்து சிகரெட் ஊதிக்கொண்டிருந்தாள். யாராவது பார்த்துவிட்டால், "இது மெல்லிசுதான், காத்து மாதிரி" என்பாள். ஜூன் மாதத்திலும் உள்ளே கம்பளி பனியன் போடுவாள். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்னாலும் அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. காற்றின் மேல் பாதி நம்பிக்கை அவளுக்கும் இருந்தது.

ஊரில் பாதிப் பேரின் இதயம் அவளுடைய அலமாரியில் காகிதமாக மடங்கி இருக்கிறது. கேட்டுக் கேட்டும் அவளுக்குக் கிடைக்காதது ராடிசாவுடையது ஒன்றுதான்.

ராடிசாவ் சந்தையில் பாலாடையும் பாலாடைக்கட்டியும் விற்கிறவன். அதைவிட முக்கியம், அவன் அவளுக்குக் கூம், அவள் அவனுக்குக் கூமா. அவளுடைய கல்யாணத்தில் பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தி பிடித்துச் சாட்சி சொன்னவன். எங்களிடையே கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேலே. கூமைத் திட்டக் கூடாது, கூமிடம் பொய் சொல்லக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கடவுள் பேரையும் புனித யோவான் பேரையும் சொல்லி ஒரு கூம் எதையாவது கேட்டுவிட்டால் மறுக்கவே முடியாது. மறுத்தால் உறவு அன்றோடு அறுந்தது. அதனால் அந்த வார்த்தையை யாரும் எடுத்ததற்கெல்லாம் எடுக்க மாட்டார்கள். ஆயுளுக்கு ஒருமுறை சொல்லலாம். பெரும்பாலானவர்கள் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

ராடிசாவின் அப்பா ஐம்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனார். அண்ணன் மிலென்கோவும் அதே ஐம்பத்தெட்டில். ராடிசாவுக்கு இப்போது ஐம்பத்தேழு. ஆறு வருஷமாக விதோசவா கூப்பிடுகிறாள், அவன் வழுக்கிக்கொண்டே இருந்தான்.

"பத்து நிமிஷம், கூம். படுத்து எந்திரிச்சிரலாம்."

"எங்கப்பாவும் அந்தக் கட்டில்லதான் படுத்தாரு, கூமா. எந்திரிச்சாரா?"

அவன் அப்பாவுக்குக் குமிழ் ஒட்டியவளே அவள்தான். அந்தப் பெரிய வார்த்தையைச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம் என்று பலமுறை நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. பயந்து போயிருக்கும் மனிதனின் கையை முறுக்குவதற்கா அது இருக்கிறது என்று விழுங்கிவிடுவாள்.

போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழு மணி, தண்ணீரெல்லாம் உறைந்து கிடந்த குளிர். விதோசவா வேலைக்குப் போகும் வழியில் ராடிசாவின் மேஜை முன் வந்து நின்றாள். தாடையைச் சுற்றிக் கம்பளித் துண்டு கட்டியிருந்தாள்.

"என்ன கூமா, பல்லா?"

"பல்லு இல்ல. நேத்து பஸ்ல பின்னாடி ஜன்னல் தொறந்திருந்துச்சு. காத்து அடிச்சிருச்சு. தாடையில ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் புடிச்சிருக்கு."

ராடிசாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கேட்டீங்களா! சிஸ்டரையே காத்து அடிச்சிருச்சாம்!" என்று பக்கத்து மேஜை வெங்காயக்காரிக்குக் கேட்கும்படி கத்தினான். "காகிதத்துல பாத்தியா, எந்த இடம்னு?"

"வாய மூடிட்டு அரைக் கிலோ நிறு. உப்புக் கம்மியானது."

அவன் கட்டியை வெட்டித் தராசில் வைத்தான். முள் நிற்பதற்குள் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. பாலாடை விறைத்துப்போகிற குளிரில் வேர்வை.

ராடிசாவ் கத்தியைக் கீழே வைத்தான். "மிலென்கோவும் இப்படித்தான் தாடையைப் புடிச்சான். அந்த வெங்காயக் கடை பக்கத்துல நின்னு. கிராம்புத் தைலம் இருக்கான்னு கேட்டான். கூமா, நீ இப்பவே போய்ப் படு."

"ஒம்பது பேரு வெளியில உக்காந்திருப்பாங்க. அவங்கள முடிச்சிட்டு மத்தியானம் பாத்துக்கறேன்."

"இப்ப போ."

"நீ எனக்குச் சொல்றியா? ஆறு வருஷமா ஓடிட்டிருக்கறவன் எனக்குச் சொல்றியா?"

அவன் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். "கடவுள் பேராலயும் யோவான் பேராலயும் கேக்குறேன், கூமா. போய்ப் படு."

வெங்காயக்காரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். விதோசவாவுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"அட பாவி மனுஷா, ஆயுசுக்கு ஒண்ணு. அத இதுக்கா செலவழிப்ப?"

"வேற எதுக்கு வச்சிருந்தேன்னு நெனச்ச?"

அவள் தாடைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில், அவளுக்கு வழக்கமே இல்லாத குரலில், சொன்னாள்: "சரி. நான் திரும்பி வந்தா நீயும் படுக்கணும். யார் பேரையும் சொல்லல. சும்மாதான் கேக்குறேன்."

அவன் அவள் பையை வாங்கிக்கொண்டான். பால் கேன்களுக்கு நடுவே வேனில் உட்காரவைத்துச் சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் விட்டான். கடையை யார் பார்த்துக்கொள்வது என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை.

முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக விதோசவா அந்தக் கட்டிலில் படுத்தாள். டாக்டரம்மாவே குமிழ்களை ஒட்டினார், இரண்டை இடம் மாற்றி ஒட்டினார். அவள் படுத்தபடியே திருத்தினாள். காகிதம் வந்தது. வழக்கம்போலத் தலைகீழாகப் படித்தாள். படித்து முடித்ததும் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். டாக்டரம்மா கொடுத்த ஆஸ்பிரினை மென்றுகொண்டே அழுதாள்.

காற்று இல்லை என்பது அவளுக்கு முந்தின நாளே தெரியும். ஆண்களுக்கு வருவதுபோல் பெண்களுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்பதில்லை, தாடையிலும் முதுகிலும் குமட்டலாகவும் வரும் என்று வாரத்துக்கு இரண்டு பேரிடம் சொல்கிறவள் அவள். தெரிந்தும் தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். பயம் வந்துவிட்டால் மனிதர்கள் காற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். அவளும் ஒளிந்துகொண்டாள்.

நிஷ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி, அடைத்திருந்த நாளத்தைத் திறந்து இரண்டு ஸ்டெண்ட் வைத்தார்கள். இன்னும் மூன்று மணி நேரம் போயிருந்தால் கொத்தனார் கதைதான் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதாக அவளே இப்போது எல்லோரிடமும் சொல்கிறாள். அவருக்குக் கொத்தனாரைத் தெரியாது. அது அவள் சேர்த்துக்கொண்டது.

வீடு திரும்பியதும் ஊரே பார்க்க வந்தது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாது என்பதால் ஆளுக்கொரு காப்பித்தூள் பொட்டலம். முப்பத்தெட்டுப் பொட்டலம் சேர்ந்தது, அவளுக்கு அனுமதித்தது ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கிண்ணம். "இத குடிச்சு முடிக்கணும்னாலே நான் தொண்ணூறு வயசு வரைக்கும் இருக்கணும்" என்றாள். சிகரெட்டை விட்டாள். விட்ட முதல் மாதம் வீட்டில் பூனைகூடக் கிட்டே வரவில்லை. சாயங்காலம் ஆற்றங்கரையில் கணவனைக் கூட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் நடக்கிறாள். மாத்திரைகளை விரல்விட்டு எண்ணிப் போடுகிறாள்.

ராடிசாவும் வாரம் தவறாமல் வந்தான். உப்பே போடாத பாலாடைக்கட்டி ஒன்றைத் தனியாகச் செய்து கொண்டுவந்தான். "சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்றாள், "ஆமா, அப்படித்தான் இருக்கு" என்றான். கட்டில் பேச்சை மட்டும் அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அவன் போன பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஜூலையில் அவனுக்கு ஐம்பத்தெட்டு பிறக்கிறது என்பதை அவள் மறக்கவில்லை.

ஏப்ரலில் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். பன்னிரண்டு மணிக்கு நடைபாதை காலியானது. கடைசியாக ஒருவன் கதவோரம் நின்றான்.

"காத்து ஒண்ணும் அடிக்கல" என்றான் ராடிசாவ். "சும்மா வந்தேன்."

"சும்மாவே வா."

"அதே கட்டிலா?"

பொய் சொல்லியிருக்கலாம். கூமிடம் எப்படிச் சொல்வது? "அதேதான். மெத்தை மட்டும் வேற. நானும் இதுலதான் படுத்தேன், கூம். எந்திரிச்சிட்டேன்ல?"

அவன் பூட்ஸைக் கழற்றினான். நினைத்தால் ஒரே எட்டில் மாட்டிக்கொண்டு ஓடும்படி, முனை கதவைப் பார்த்திருக்கக் கட்டிலோரம் ஜோடியாக வைத்தான். சட்டையையும் கழற்றிப் படுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவன் மார்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அது அடங்கட்டும் என்று விதோசவா அவன் நெற்றியில் கை வைத்துக் காத்திருந்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

காகிதம் ஓடி வந்தது. சமமாகப் போக வேண்டிய கோடு, அடுத்தடுத்து மூன்று கட்டங்களில் பள்ளம் விழுந்து ஏறிக்கொண்டிருந்தது. அடைப்பு தொடங்கியிருந்தது. இன்னும் எதுவும் சாகவில்லை.

"என்ன கூமா?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "காத்தா?"

விதோசவா டாக்டரம்மாவைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தாள். எடுத்தபடியே, கதவைப் பார்த்திருந்த அந்தப் பூட்ஸைக் காலால் மெல்ல, சத்தம் வராமல், கட்டிலுக்கு அடியில் சுவரைத் தொடும்வரை தள்ளினாள்.