மாணிக்கத்தின் திங்கட்கிழமை

போன புதன்கிழமை பினாங்கு கோர்ட்டில் ஒரு பொய் சொல்லப் பார்த்தேன். தமிழை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லும் துபாஷி வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

கூண்டில் நின்றவன் மாணிக்கம். வயது பதினாறு. அப்பா அம்மா இல்லை. துறைமுகத்தில் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன். கிடங்கை உடைத்துத் துணி திருடியதாகக் கேஸ். அதுவும் இரண்டாம் முறை. ரோத்தான் அடி நிச்சயம். வாத்தியார் வைத்திருக்கிற பிரம்பு அல்ல அது... அடி வாங்கியவர்கள் ஒரு வாரம் உட்கார முடியாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் அருளப்ப சாமி எழுந்தார். கத்தோலிக்கப் பாதிரியார். சுங்கை பினாங்கில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டு, யாரும் சீந்தாத பிள்ளைகளுக்கு எழுத்தும் தச்சு வேலையும் சொல்லித் தருகிறவர். "இவனை என்னிடம் விடுங்கள்" என்று மாஜிஸ்திரேட்டிடம் இங்கிலீஷில் கேட்டார்.

துரை என்னைப் பார்த்தார். "போகச் சம்மதமா என்று கேள்."

கேட்டேன்.

"அங்க கொண்டு போய் விட்டாலும் ஓடிருவேன்லா" என்றான் மாணிக்கம்.

இதை அப்படியே சொன்னால் அவன் தோல் உரியும். 'சம்மதம் என்கிறான்' என்று சொன்னால்? துரைக்குத் தமிழ் தெரியாது – யார் கேட்கப்போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் சாமியே சொல்லிவிட்டார்.

"ஓடிவிடுவேன் என்கிறான், ஐயா. ஓடினால் நானே வந்து சொல்கிறேன்."

துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணிக்கு அவன் இங்கே நிற்க வேண்டும். ஒரு திங்கள் தவறினாலும் ரோத்தான்."

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் சாமி உங்களுக்கு இந்த வம்பு?"

"ஜெயில்ல ஒரு பையனுக்குக் கடைசி ஜெபம் சொல்லப் போனேன், தம்பி. மறுநாள் தூக்கு. 'ஜெபம் அப்புறம் சாமி, இதப் படிச்சுக் காட்டுங்க'ன்னு ஒரு கடுதாசிய நீட்டினான். அவங்க அம்மா ஊர்லேர்ந்து போட்டது. ரெண்டு வருஷமா வச்சிருக்கான்... படிக்கத் தெரியல. படிச்சுச் சொல்லவும் ஆள் இல்ல."

சொல்லிவிட்டு மாணிக்கத்தைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை மாணிக்கம் ஓடிவிட்டான்.

நேற்று திங்கள். நான் போனபோது சாமி கோர்ட் படியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பத்துக்கு ஐந்து நிமிஷம்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிரலாமா சாமி?"

"வேண்டாம்" என்றார். உள்ளே போகத் திரும்பினார். போகும் முன் தெருக்கோடியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.

அப்போது ஃபெர்ரித் துறைப் பக்கமிருந்து ஒருவன் ஓடி வந்தான். மாணிக்கம்தான். சட்டையெல்லாம் கரி. அக்கரையில் பட்டர்வொர்த் ரயிலடி வரை போயிருக்கிறான்.

"ரயில் ஏறலையாடா?" என்றேன்.

"ஏறத்தான் போனேன் அண்ணே. எங்க போய் இறங்குறது? எந்த ஊர்லயும் ஆள் இல்ல."

சாமி அவன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஓடியதையும் சொன்னார், தானாகத் திரும்பியதையும் சொன்னார். துரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அடுத்த திங்கள். பத்து மணி."

அடுத்த திங்கள் வருவானா? எனக்குத் தெரியாது. சாமிக்கும் தெரியாது. ஒரு பிள்ளை கெட்டுப்போக வறுமை மட்டும் போதாது – அவனை நினைத்துப் பயப்பட ஒருவரும் இல்லாமல் இருக்க வேண்டும்.

மாணிக்கத்துக்கு இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.