பரணிலிருந்து விழுந்த திருநீறு

துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குத் தூசி என்றால் கறுப்புத்தான். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியைச் சாயங்காலம் தொட்டால் விரலில் கரி ஒட்டும். நிலக்கரி லாரி போகிற ரோட்டிலிருந்து எங்கள் வீடு மூன்றாவது தெரு. இருபது வருஷமாக நான் கூட்டி அள்ளியது அந்தக் கறுப்பைத்தான். அதனால் கடந்த ஐப்பசியில் ஒரு காலை, சின்ன அறைக் கட்டிலின்மேல் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்தக் கட்டிலுக்கு நேர் மேலே பரண். சுவரோடு சேர்த்து வார்த்த கான்கிரீட் பலகை. கீழே இடம் இல்லாதது எல்லாம் அங்கே ஏறிவிடும். அதில் பாதி சாமி படங்கள். கண்ணாடி உடைந்த படம், வருஷம் முடிந்த காலண்டர், முகப்பில் பிள்ளையார் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை. இதையெல்லாம் குப்பை வண்டியில் எப்படிப் போடுவது? எனக்கு மனசு வராது. தூள் விழுந்தது திருச்செந்தூர் முருகன் காலண்டர் இருந்த ஓரத்திலிருந்து. திருநீறு என்றே நினைத்தேன். தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

அது திருநீறு இல்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களை ஏமாற்றக் கூடாது. உதிர்ந்தது எங்கள் வீடு. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம், எட்டு மாதம் முடிந்திருந்தது. அடுத்த புதன்கிழமை அழைத்து வர நாள் பார்த்திருந்தோம். அவளுக்கு அந்தச் சின்ன அறைதான், அந்தக் கட்டில்தான். கட்டிலை வேறு பக்கம் நகர்த்தவும் வழியில்லை. மற்ற மூன்று சுவரையும் சாமான் அடைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு மைனியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏளா, இது சாதாரணமில்ல கேட்டியா. கரி விழுத ஊர்ல வெள்ளையா விழுதுன்னா என்ன அர்த்தம்? பிள்ளத்தாச்சி வாரான்னு முருகன் முன்னாலயே வந்துட்டான்."

"வந்தவன் கட்டில் மேலயா இறங்குவான் மைனி?"

"பின்ன, உன் வீட்ல தரை எங்கன தெரியுது, தரையில இறங்குததுக்கு?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது நிஜம். அன்றைக்கே அறையை ஒழிக்க ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பொருளை வெளியே போட விடமாட்டார். டிவி வந்த அட்டைப் பெட்டி, கால் உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி, எதைத் தூக்கினாலும் "இருக்கட்டும்ளா, ஆவும்" என்பார். நான் வாசல்வரை கொண்டு போனதை அவர் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டு வருவார். நாலு நாளில் ஒரு சுவர்கூடத் தெளியவில்லை.

வெள்ளைத் தூள் மட்டும் தினமும் விழுந்தது. தினமும் கொஞ்சம் கூடுதலாக. பேப்பரில் மடித்து மைனிக்குக் கொடுத்தேன். மகளுக்குக் கூரியரில் ஒரு பொட்டலம் அனுப்பினேன். பகலில் அந்த அறையில் குனிந்து பெருக்கும்போது மேலே 'டிக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். பல்லி சொல்லுகிறது, நல்ல சகுனம் என்று விரலால் தரையைத் தட்டிக்கொள்வேன். ஐந்தாம் நாள் தூளோடு புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கல் கிடந்தது. திருநீற்றில் கல் ஏன் என்று ஒரு நொடி தோன்றியது. அதையும் எடுத்துச் சாமி தட்டில் வைத்தேன். கட்டிலைத் தட்டி, மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த புது விரிப்பை விரித்தேன்.

அவள் வர இரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை அவர் ஸ்டூலில் ஏறிப் பரணில் கிடந்த பழைய கிரைண்டர் கல்லை இறக்க ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். மகள் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எம்மா, திருநீறு வந்துட்டு. வயித்துல பூசிக்கிட்டேன். கொஞ்சம் வாயில போட்டேன், என்னம்மா இப்படி உப்பா கரிக்கு?"

"நம்ம ஊருக் காத்து பட்டதுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். எனக்கும் கரித்திருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே கல் இழுபடுகிற சத்தம் நின்றது. அவர் இறங்கி வந்தார். சாமி தட்டிலிருந்து ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சட்டைகூட மாற்றாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு கொத்தனாரோடு திரும்பி வந்தார்.

கொத்தனார் ஸ்டூலில் ஏறவில்லை. கீழே நின்றபடியே கையை உயர்த்திச் சுத்தியலின் பின்பக்கத்தால் பரணின் அடியில் தட்டினார்.

"கேட்டியளா அண்ணாச்சி? நல்ல காங்கிரீட்டுன்னா கணீர்னு கேக்கும். இது கொட்டாங்கச்சியில தட்டுன மாதிரி கேக்கு."

ஒரு திருப்புளியை விரிசலில் வைத்து லேசாக நெம்பினார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பாளம் பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. புது விரிப்பில், சரியாகத் தலையணை இருக்கிற இடத்தில். உள்ளே கம்பி தெரிந்தது. துருப்பிடித்து வீங்கிச் சிவந்து, வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது.

"எந்தத் தண்ணியில வார்த்திய?" என்று கொத்தனார் கேட்டார்.

என் வீட்டுக்காரர் சுவரைத் தடவியபடி சொன்னார்.

"வீடு கட்டுன கோடையில தண்ணி லாரி பதினஞ்சு நாளா வரல. ஆளும் கலவையும் ரெடியா நிக்கி. கெணத்துத் தண்ணியவே ஊத்துங்கன்னு நான்தான் சொன்னேன்."

"இந்தத் தெருக் கெணத்துத் தண்ணியா? அது கடல்லா அண்ணாச்சி!"

"குடிக்கத்தான் ஆவாது, கட்டடத்துக்கு என்னன்னு நெனச்சேன்."

எங்கள் தெருவில் அப்படி நினைத்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. உப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உப்பைப் பார்த்துப் பயம் வராது.

"பரண் மட்டுந்தானா, இல்ல..." என்று நான் இழுத்தேன்.

"தட்டிப் பாத்தாத்தான்க்கா தெரியும்."

நீளக் கழி ஒன்றை வாங்கி அறையின் கூரையைத் தட்டினார். அதே சத்தம். நடு வீட்டுக்கு வந்தார். அதே சத்தம். சாமி அறையிலும் அதேதான். என் வீட்டுக்காரர் கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். மொத்தமாக உடைத்துத்தான் வார்க்க வேண்டும், மழைக் காலம் முடியாமல் கை வைக்க முடியாது என்றார் கொத்தனார். போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்.

"பரண்ல உள்ள பாரத்த இன்னைக்கே இறக்கிருங்க. ஓரத்துல இருந்து எடுங்க, மேல ஏறிராதிய. பிள்ளத்தாச்சிய மட்டும் இங்கன படுக்க வச்சிராதியக்கா."

இருபது வருஷமாக வெளியே போகாதது எல்லாம் அன்று ஒரே மத்தியானத்தில் போனது. அவரே சுமந்தார். அட்டைப் பெட்டி, நாற்காலி, மின்விசிறி, தெருவில் பழைய சாமான் எடுக்கிறவரின் வண்டி நிறைந்தது. ஒரு தடவைகூட 'ஆவும்' என்று அவர் சொல்லவில்லை. சொல்லமாட்டாரா என்று எனக்கு இருந்தது. சாமி படங்களை நான் சாக்கில் கட்டித் தெருக்கோடி வேப்பமரத்தடியில் இறக்கி வைத்தேன். "எய்யா முருகா, இனி உன்னை எங்க தலைக்கு மேல தூக்கி வைக்க எங்களுக்குத் தெம்பில்லய்யா" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அறை சுத்தமாகிவிட்டது. கட்டிய நாளுக்குப் பிறகு அந்த அறையின் நாலு மூலையையும் அன்றுதான் பார்த்தேன். கீழே பார்க்க ஒன்றும் இல்லாததால் கண் மேலே போனது. கூரை முழுக்க நேர்கோடாக விரிசல்கள், உள்ளே கம்பி ஓடுகிற இடமெல்லாம். சாமான் இருந்தவரைக்கும் அண்ணாந்து பார்க்கவே தோன்றவில்லை.

அப்புறம் மகளுக்குப் போன் போட்டேன். எடுத்தது சம்பந்தியம்மா. வீட்டில் கொஞ்சம் வேலை நடக்கிறது, தூசியாக இருக்கிறது, பிரசவம் அங்கேயே இருக்கட்டும் என்று பூசி மெழுகினேன்.

"தலைப்பிரசவத்துக்கு மகளை வச்சுப் பாக்கக்கூட உங்க வீட்டுல இடமில்லையாக்கும்?" என்றார்.

அந்த வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் போனை என் கையிலிருந்து வாங்கினார். மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

"எம்மா, வீட்டுக் கூரை நல்லால்ல. உப்புத் தண்ணியில வார்த்தது நாந்தான். உங்க அம்மை மேல தப்பில்ல. நீ வராத."

அழுவாள் என்று நினைத்தோம். அவள் அழவில்லை.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் எங்கனப்பா படுக்கிய?"

அதுவரை எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

"அடுக்களையில" என்றார் அவர்.

கார்த்திகைக் கடைசியில் மதுரையிலேயே பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். நான் பதினைந்து நாள் போய் இருந்து பார்த்துவிட்டு வந்தேன். சம்பந்தியம்மா சொன்ன சொல்லை மறந்து நன்றாகத்தான் கவனித்தார். தூளாக விழுந்ததும் முருகன்தான், மகள் நாக்கில் உப்பாக நின்று சொன்னதும் அவன்தான் என்று நான் நம்புகிறேன். மைனி, "நெத்தியில பூசுனது உன் வீட்டுக் கூரையல்லா" என்று சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மார்கழி பிறந்தும் மழை விடவில்லை. சின்ன அறையைப் பூட்டி வைத்திருக்கிறோம். "பிள்ளையத் தூக்கிட்டு எப்பம்மா அங்கன வர?" என்று மகள் வாரம் தவறாமல் கேட்கிறாள். மழை நிற்கட்டும் என்கிறேன். நாங்கள் இருவரும் அடுக்களையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறோம். அங்கே பயமில்லை என்று அவளிடம் அவர் சொல்லியிருக்கிறார்.

அடுக்களையைக் கொத்தனார் தட்டிப் பார்க்கவில்லை. அன்று சாமி அறையிலிருந்து வெளியே வந்து, அடுக்களைக் கூரைக்குக் கழியை உயர்த்தியவரின் கையைப் பிடித்து, "இது ஒண்ணு மட்டும் வேண்டாம்யா, போதும்" என்று தடுத்தவள் நான்தான்.