நாற்பத்தாறு பேர் வாங்கிய சான்றிதழ்: விழுப்புரம் கிளவுட் பயிற்சிக்குப் போய்வந்த கதை

எங்கள் அலுவலகத்தில் பழைய சர்வர்களை மூடிவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றப்போகிறார்கள். பதினெட்டு வருடமாக நான் சோறு தின்பது அந்தப் பழைய சர்வர்களை வைத்துத்தான். புதிய அணிக்கு விண்ணப்பிக்க ஒரு படிவம் வந்தது. அதன் கடைசிக் கட்டம், ‘செய்முறைப் பயிற்சியை முடித்ததற்கான சான்றிதழ்’. அதை இணைக்காவிட்டால் படிவம் உள்ளேயே போகாது. கடைசி நாள் திங்கட்கிழமை. சென்னையில் நடந்த இலவசப் பயிற்சிகள் எல்லாம் நிரம்பிவிட்டிருந்தன. இடமிருந்த ஒன்றுக்குக் கட்டணம் பதினோராயிரம் ரூபாய். தேடித் தேடி அகப்பட்டது விழுப்புரம்: சனிக்கிழமை ஒரு நாள், கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு. இப்படித்தான் சென்ற மாதம் நாற்பத்து மூன்று வயதில் மடிக்கணினிப் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

தாம்பரத்தில் காலை 6.05க்கு ஏறினேன். முன்பதிவில்லாத டிக்கெட் 65 ரூபாய். செங்கல்பட்டு வரை நின்றுகொண்டே வந்தேன், பிறகு ஜன்னலோரம் கிடைத்தது. 8.20க்கு விழுப்புரம். சந்திப்புக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி எல்லாம் சேர்த்து 55 ரூபாய். வடை சுமார். பயிற்சி நடந்த பொறியியல் கல்லூரி திண்டிவனம் போகிற நெடுஞ்சாலையில், நிலையத்திலிருந்து 11 கிலோமீட்டர். பேருந்து பிடிக்கத் தெரியாமல் ஆட்டோவில் போனேன். 220 ரூபாய் கேட்டார், 200க்கு ஒப்புக்கொண்டார்.

“இன்னா சார், காத்தாலேர்ந்து பையத் தூக்கிக்கினு ஒரே கூட்டமா போய்க்கினு இருக்கீங்க? இன்டர்வியூவா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லைங்க, பயிற்சி.”

“முடிச்சா வேலை குடுப்பாங்களா?”

“கொடுக்க மாட்டாங்க.”

“அதுக்கா சார் மெட்ராஸ்லேர்ந்து வர்றீங்க?” என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நல்ல கேள்வி. இருக்கிற வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

8.55க்குக் கல்லூரிக் கணினிக் கூடத்தில் இருந்தேன். பதிவுசெய்திருந்த ஒவ்வொருவருக்கும், பயிற்சியை நடத்தும் கிளவுட் கம்பெனியின் இணையதளத்தில் ஒரு கணக்கு. அதில் உள்ளே நுழைந்தால் இணையத்தில் நமக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் திறக்கும். நம் புரோகிராமைக் கட்டுக்கட்டி, எங்கோ இருக்கும் சர்வர்களில் ஏற்றி, ஓடவிட்டுக் காட்ட வேண்டும். எட்டுப் படிகள். எட்டையும் முடித்தால் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. ஆளுக்கு ஒரு கணக்குதான். தீர்ந்துபோனால் மறுபடி கிடைக்காது.

ஒருங்கிணைப்பாளர் துடிப்பான மனிதர். அட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடினார். “எல்லாரும் இப்பவே லாகின் பண்ணி ரெடியா வச்சிக்கங்க. அப்புறம் டைம் வேஸ்ட் ஆவக் கூடாது பாருங்க.” நாங்களும் கடமையாக 9.15க்குள் நுழைந்து, திரையை அழகாகத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். திரையின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு கடிகாரம் நான்கு மணி நேரத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்ததை அங்கிருந்த நாற்பத்தைந்து சாஃப்ட்வேர்காரர்களில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நான் கவனித்தேன், ஆனால் ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன்.

சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருந்தார். 10.50க்கு வந்து சேர்ந்தார். பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கு யார் பொன்னாடை போர்த்துவது என்பதில் சிறு குழப்பம் வந்து, இரண்டு பொன்னாடைகள் மேலும் வரவழைக்கப்பட்டன. சிறப்பு விருந்தினர் தாம் முதன்முதலில் கணினி வாங்கிய கதையைச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் அது பழுதாகிவிட்டது, கதை மட்டும் முப்பது நிமிடம் போயிற்று.

இதற்கிடையில் 11.10க்கு ஒரு பெண் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெயர் கோகிலா, இருபத்தாறு வயது இருக்கும். ஊர் பெருமுக்கல். திண்டிவனம் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கெல்லாம் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற வேலை. பி.சி.ஏ. படித்திருக்கிறார்.

“கடையத் தொறந்து வச்சிட்டு ஓனர் வர்ற வரைக்கும் இருக்கச் சொன்னாங்க சார். அவர் வரவே ஒம்போதரை. ஒரே பேஜாரா பூட்ச்சு. ஆரம்பிச்சிட்டாங்களா?”

“இன்னும் பொன்னாடையே முடியலை” என்றேன்.

இந்த நாள் தனக்கு எதற்கு என்பதையும் கோகிலா அப்போதே சொன்னார். மூன்று கம்பெனிகளில் நேர்காணல் வரை போயிருக்கிறார். மூன்றிலும் ஒரே பதில்: செய்முறை அனுபவம் இல்லை. “ஜெராக்ஸ் கடையில வேலை செய்யிறேன்னு சொன்ன உடனே மொகம் மாறிடுது சார். ஒரு கம்பெனி பேர் போட்ட பேப்பர் இருந்தா பேச உடுவாங்க.” மேசைமேல் ஒரு தடிமனான நோட்டு வைத்திருந்தார். கடையில் வீணாகும் தாள்களின் பின்பக்கத்தில் கணினி காட்டிய பிழைச் செய்திகளை அச்சடித்து ஒட்டி, கீழே பேனாவால் அதை எப்படிச் சரிசெய்தார் என்று எழுதியிருந்தார். இந்தத் தளத்தின் இலவசப் பாடங்களைக் கடையின் இணையத்தில் தினமும் காலையில் இறக்கிவைத்து, வீட்டில் இணையம் இல்லாமலே பழகியிருக்கிறார். நானோ இரண்டு வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தேன், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில்.

பயிற்சியாளர் மேடையேறியபோது மணி 11.45. கோயம்புத்தூர்க்காரர், நல்ல ஆசிரியர். கோகிலா அப்போதுதான் தன் கணக்கில் நுழைந்தார். ஒரு மணி நேரம் விளக்கம், 12.45க்குச் சாப்பாடு. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம். வறுவல் பிரமாதம் என்பதால் எல்லோரும் இரண்டாவது முறை வரிசையில் நின்றோம். திரும்பி வந்து உட்கார்ந்தபோது 1.30. நாற்பத்தைந்து திரைகளிலும் ஒரே வாசகம்: உங்கள் நேரம் முடிந்துவிட்டது.

நான் இரண்டாவது படியில் இருந்தேன். பலர் முதல் படியையே தொடவில்லை. ஒருங்கிணைப்பாளர் யார் யாருக்கோ போன் போட்டார். சனிக்கிழமை என்பதால் எடுக்க ஆளில்லை. பயிற்சியாளர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். “யாருக்காவது ஓடிக்கிட்டு இருக்கா?” என்றார்.

கோகிலா கையைத் தூக்கினார்.

அவருடைய மடிக்கணினியைக் கொண்டுபோய் மேடையில் புரொஜெக்டரோடு இணைத்தார்கள். பழைய கணினி, மின்சாரத்தைப் பிடுங்கினால் அணைந்துவிடும். பயிற்சியாளர் சொல்லச் சொல்ல அவர் செய்தார், நாங்கள் பார்த்தோம். நான் முதல் வரிசையில் இருந்ததால் அவர் விரல்கள்கூடத் தெரிந்தன. ஐந்தாவது படியில் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. பயிற்சியாளர் விளக்கப் போனார்.

“சார், ஒரு நிமிஷம். இது எனக்கு வந்துகீது” என்று கோகிலா நோட்டைப் புரட்டினார். ஒரு வரியைத் திருத்தினார். ஓடியது. பயிற்சியாளரே அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். 3.20க்கு எட்டாவது படியும் பச்சையானது. கூடம் கைதட்டியது, நானும் தட்டினேன். பதினெட்டு வருட அனுபவம் எனக்கு என்பதை அந்த நேரத்தில் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

3.45க்கு நிறைவு விழா. சான்றிதழ்கள் முந்தைய நாளே அச்சாகி, பெயர் போட்டு, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ‘செய்முறைப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்’ என்று நாற்பத்தாறிலும் ஒரே வாசகம். “அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறாங்க, வெறுங்கையோட எப்படி அனுப்புறது?” என்று ஒருங்கிணைப்பாளர் பயிற்சியாளரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை. கல்லூரி முதல்வர் கையால் ஒவ்வொருவராக வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

திரும்பும்போது கோகிலாவோடு கல்லூரி வாசலில் பேருந்து ஏறினேன். 4.25. திண்டிவனம் 29 கிலோமீட்டர், 25 ரூபாய். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பத்து நிமிடம் நின்றது, கூட்டேரிப்பட்டில் பாதிப் பேருந்து இறங்கிப் போனது. 5.35க்குத் திண்டிவனம். பேருந்து நிலையத்தில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கி எனக்கும் பாதி கொடுத்தார்.

“உங்க கம்பெனில ஆளு எடுத்தா என் ரெஸ்யூமையும் குடுக்கறீங்களா சார்? நான் முடிச்சத நீங்க பாத்தீங்க இல்ல.”

“கண்டிப்பா கொடுக்கிறேன்” என்றேன். அவர் பெருமுக்கல் வழியாகப் போகும் மரக்காணம் பேருந்துக்கு ஓடினார். எனக்கு 5.50க்கு கிளாம்பாக்கம் வண்டி கிடைத்தது. 95 ரூபாய், இரண்டு மணி நேரம்.

போக நினைப்பவர்களுக்கு: விழுப்புரம் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்குத் தண்டம் அழாதீர்கள். புதிய பேருந்து நிலையம் போய்த் திண்டிவனம் வழி நகரப் பேருந்து ஏறினால் கல்லூரி வாசலிலேயே இறங்கலாம், 15 ரூபாய். நெடுந்தூரப் பேருந்துகள் அங்கே நிற்காது. மடிக்கணினியின் சார்ஜரோடு ஒரு நீட்டிப்புப் பலகையும் கொண்டுபோங்கள். தளத்தின் இலவசப் பாடங்களை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், கூடத்து வைஃபை எல்லோருக்கும் போதாது. யார் சொன்னாலும், பயிற்சியாளர் மைக்கைப் பிடிக்கும் வரை லாகின் செய்யாதீர்கள். ஏற்பாட்டாளர்கள் நல்லவர்கள், சாப்பாடு நன்றாக இருந்தது.

பயணக் குறிப்பு இவ்வளவுதான். ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதிப் பொய் சொன்னதாக ஆகும்.

திங்கட்கிழமை காலை அந்தச் சான்றிதழைப் படிவத்தில் இணைத்தேன். ஏற்றுக்கொண்டது. செவ்வாய்க்கிழமை புதிய அணியின் தலைவர் ரேவதி கூப்பிட்டு, என் எதிரிலேயே ஒரு சின்ன வேலையைச் செய்துகாட்டச் சொன்னார். விழுப்புரத்து எட்டுப் படிகளில் மூன்றாவதுதான் அது. எனக்கு வரவில்லை. “முடித்ததாகப் போட்டிருக்கிறதே?” என்றார். உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். நான் சொன்னது வேறு: “அங்கே சொல்லிக்கொடுத்த விதம் சரியில்லை, ஒன்றும் மனதில் நிற்கவில்லை.” அவர் குறித்துக்கொண்டார். எனக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்து அடுத்த சுற்றில் சேர்த்தார்.

புதன்கிழமை, வாக்குக் கொடுத்தபடி, கோகிலாவின் விண்ணப்பத்தை என் பரிந்துரையோடு மனிதவளத் துறைக்கு அனுப்பினேன். அதற்குள் ரேவதியின் குறிப்பு அங்கே போய்விட்டது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கோகிலாவுக்கு ஒரு வரி பதில் போயிருக்கிறது. சனிக்கிழமை காலை அவர் போன் செய்தார்.

“சார், அந்தப் பயிற்சியோட சர்டிபிகேட்ட ஏத்துக்க மாட்டாங்களாம். சரியில்லன்னு யாரோ சொல்லிக்கீறாங்க. நான் முடிச்சத நீங்க பாத்தீங்கதான? மொதல் ரோவுல உக்காந்துக்கினு இருந்தீங்க. அத சொன்னீங்களா?”

“இல்லம்மா” என்றேன்.

“ஏன் சார்?”

கோபமே இல்லாமல் கேட்டார். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவர் முடித்ததைப் பார்த்தேன் என்று நான் சொன்னால், நான் முடித்தேனா என்பது அடுத்த கேள்வியாக வரும். அவ்வளவுதான் காரணம். கேவலமாக இருந்தது.

அன்று மதியம் ரேவதிக்கும் மனிதவளத் துறைக்கும் மின்னஞ்சல் எழுதினேன். நான் இரண்டாவது படியைத் தாண்டவில்லை என்றும், பயிற்சியைக் குறைசொன்னது பொய் என்றும், நாற்பத்தாறு பேரில் எட்டுப் படிகளையும் முடித்தவர் கோகிலா ஒருவர்தான் என்றும், அதை நான் நேரில் பார்த்தேன் என்றும், என் விண்ணப்பத்தை நீக்கிவிட்டு அவருடையதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும். இந்த எட்டு வரியை எழுதக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது. நகல் பெறுபவர் கட்டத்தில் கோகிலாவின் முகவரியைச் சேர்ப்பதற்குத்தான் சாயங்காலம் வரை ஆனது.