பதினான்காம் படியில் ஒரு வலி

எங்கள் ஊர் குளுவாங்கில் ரயில் பாதைக்கு மேலே ஒரு நடைபாலம் இருக்கிறது. எங்கள் வீடு இந்தப் பக்கம், பசார் (சந்தை) அந்தப் பக்கம். போன வருடம் அதில் ஏறும்போது, பதினான்காம் படியில் எனக்குத் தாடை வலிக்கத் தொடங்கியது. நெஞ்சு இல்லை, தாடை. பல்வலி போலத்தான் இருக்கும், ஆனால் எந்தப் பல் என்று சொல்ல முடியாது. நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

சும்மா நிற்க முடியுமா? "ரயில் வருது, பாத்துட்டுப் போலாம்" என்று கணவரிடம் சொல்வேன். அவரும் கூடவே நிற்பார்.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனையில் இருந்தவள். வந்திறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மீன்காரர் செவுளைத் திறந்து காட்டினாலும் நானே ஒருமுறை திறந்து பார்ப்பேன்.

ஆகவே முதலில் காய்கறிப் பையின் கனத்தைச் சந்தேகித்தேன். பிறகு தலையணையை. பிறகு உடம்பில் புகுந்த காற்றை. தாடையில் மினியாக் அங்கின் (காற்றுக்குத் தடவும் தைலம்) பூசிக்கொண்டு திரிந்தேன். இதயத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை. பக்கத்து ஊர் பாலோவில் இருந்த என் அண்ணன் ஐம்பத்திரண்டு வயதில் இதயத்தால்தான் போனார். முதல் நாள் கிளினிக்கில் "கேஸ்ட்ரிக்" (வயிற்றுக் கோளாறு) என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை இல்லை. இதயம் என்பது அண்ணனோடு முடிந்துபோன சங்கதி என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன், ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு முழு உடல் பரிசோதனைக்குப் பதிந்துவிட்டான். அதில் ஒன்று கால்சியம் ஸ்கோர் (இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் படிந்த சுண்ணாம்பை ஸ்கேன் செய்து அளக்கும் எண்). பூஜ்யமாக இருந்தால் நல்லது, எனக்கு மூன்று இலக்கத்தில் வந்தது.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என் மகன் வயதுதான் இருக்கும். அவர் வாய் திறப்பதற்குள் நான் கேட்டேன்.

"இந்த மெஷின கடைசியா எப்ப செக் பண்ணீங்க?"

அவர் கோபப்படவில்லை. "நல்ல கேள்வி ஆண்டி. போன மாசந்தான் பண்ணாங்க. ரத்தக் குழா சுவத்துல கொழுப்பு படிஞ்சு, பழசாகி, கெட்டியாயிருக்கு. அந்தக் கெட்டியத்தான் இது எண்ணுது. குழா எவ்வளவு சுருங்கியிருக்குன்னு இது சொல்லாது. நடக்கும்போது நெஞ்சு வலி வருதா?"

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல" என்றேன். அது பொய் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் சப்ளையர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்ததும் நெத்திலியையும் பாலையும் நிறுத்தினேன். சுண்ணாம்பு அங்கிருந்துதானே வருகிறது என்று கணக்குப் போட்டேன். கணவர் இரண்டு வாரம் கடுங்காப்பி குடித்து முகம் கறுத்துப்போனார். சாப்பாட்டுக் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்தது டிரெட்மில் சோதனை (ஓடுபட்டையில் நடக்கவைத்து இதய மின்னோட்டத்தைப் பதிவு செய்வது). பட்டை வேகமெடுத்ததும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். "ஜாங்கான் பெகாங் கூவாட், ஆண்டி" என்று இறுகப் பிடிக்க வேண்டாமென அங்கிருந்த மலாய்ப் பெண் இரண்டு முறை சொன்னாள். தாடை லேசாக இழுப்பது போல இருந்தது. "முட்டி வலிக்குது, நிறுத்துங்க" என்றேன்.

அறிக்கையின் முதல் வரியில் மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று இருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. டாக்டரைப் பார்க்கக் கொடுத்திருந்த தேதிக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னை வைத்து வியாபாரம் பார்க்க நினைத்தார்கள், நான் தப்பித்துவிட்டேன் என்று மகனிடம் பெருமையாகச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, அதே படியில் நின்று ரயில் வருகிறது என்றேன். கணவர் பையைக் கீழே வைத்தார்.

"சரோ, ஒரு வருஷமா இந்தப் படியிலதான் நிக்கிற. பாதி நாள் ரயிலே வர்றதில்ல. மொதல்ல ரெண்டு நிமிஷம் நிப்ப. இப்ப அஞ்சு நிமிஷம் ஆகுது."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவர் என்னை வேவு பார்த்தாரா? வழி முழுக்க அவரோடு பேசவில்லை. வீட்டுக்குப் போய், அவர் வாயை அடைக்க அந்த அறிக்கையை எடுத்து நீட்டப் போனேன். அப்போதுதான் இரண்டாம் வரி கண்ணில் பட்டது. இதயத் துடிப்பு தேவையான வேகத்தை எட்டும் முன்பே சோதனை நிறுத்தப்பட்டது, முடிவு உறுதியில்லை.

எங்கள் தொழிற்சாலையில் பாதியில் நின்ற சோதனைக்கு 'பாஸ்' முத்திரை கிடையாது. மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி, 'ஹோல்ட்' (முடிவாகும்வரை நிறுத்திவைப்பது) என்று எழுதி ஓரமாக வைப்போம். வாழ்நாளில் ஒரு பெட்டியைக்கூட நான் அப்படி நழுவவிட்டதில்லை. என்னை நானே நழுவவிட்டிருக்கிறேன். அண்ணனை நினைத்து அழுதேன்.

மறுநாள் டாக்டரிடம் தாடையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். "பொம்பளைங்களுக்கு நெறைய பேருக்கு இதய வலி இப்படித்தான் வரும் ஆண்டி. நானும் நெஞ்ச மட்டும் கேட்டிருக்கக் கூடாது" என்றார். ஒரு டாக்டர் தன் தவறை ஒத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். பாதி நம்பிக்கை வந்தது.

அவர் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்; மீதி நம்பிக்கையை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். ஆஞ்சியோகிராமில் (மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயை நுழைத்து, மருந்து செலுத்தி, இதயக் குழாய்களைப் படம்பிடிப்பது) ஓரிடத்தில் ரத்தம் நூலாக இளைத்திருந்தது. திரையில் நானே பார்த்தேன். ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைச்சுருள்) வைக்க வேண்டும் என்றார்கள்.

"அது வந்த பெட்டியக் காட்டுங்க" என்றேன். தாதி (நர்ஸ்) தயங்க, அங்கிருந்த டாக்டர் தலையசைத்தார். தொகுதி எண், காலாவதி தேதி இரண்டையும் வாசித்தேன். சரியாகத்தான் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டேன்.

என்னைப் போல இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் நல்ல செய்தியையும் அதே கண்ணால் பாருங்கள். நான் கெட்டதை மட்டுமே சந்தேகப்பட்டேன். அது சந்தேகமே இல்லை, பயம்.

இப்போது என் நாள் மாத்திரை வேளைகளாகப் பிரிந்திருக்கிறது, வருடம் பரிசோதனைத் தேதிகளாக. என் உடம்பின் மேல் அந்த மஞ்சள் ஒட்டுத்தாள் இன்னும் இருக்கிறது, அதைக் கிழிக்கும் அவசரம் எனக்கு இல்லை. காலையில் எழுந்ததும் தாடையைத் தொட்டுப் பார்க்கிறேன்.

போன வாரம் பசாரிலிருந்து திரும்பினோம். பதினான்காம் படியை நான் கவனிக்காமலே தாண்டிவிட்டேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் கணவரைக் காணோம். கீழே பாதிப் படியில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல சரோ. ரயில் வருது, பாத்துட்டு வரேன்."

தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒன்றும் இல்லை. இறங்கிப் போய் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாதீங்க" என்றேன். "ரத்தம் எடுக்கணும்."