எட்டு பிக்ஸல் வழி

நான் கர்வக்காரிதான். வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. ஆனால் அந்தக் கர்வத்துக்கு நியாயமான காரணம் ஒன்று முதன்முதலாகக் கிடைத்தது, ஒரு மிளகு குடோனைக் கம்ப்யூட்டரில் வரைந்தபோதுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். மட்டாஞ்சேரியிலிருந்து படகு, அப்புறம் பஸ் என்று காக்கநாட்டுக்குப் போய் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். ஐந்து மாதம் முடிந்திருந்தது. அப்போது எங்கள் ஊர் மிளகு வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு வேலை வந்தது. குடோன் தரையில் மூட்டை அடுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்த இடத்தை அட்டி என்பார்கள். எந்த அட்டியில் மூட்டை இருக்கிறது, எது காலி என்று வலைப்பக்கத்தில் பார்த்தவுடன் தெரிய வேண்டும். பிரவுசருக்குள்ளேயே புரோகிராம் எழுதிப் படம் வரையும் வசதி புதிதாக வந்திருந்த நேரம். ஆபீஸில் யாரும் அதைத் தொட்டதில்லை. யார் செய்வது என்று எங்கள் முதலாளி கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். இது சரியாக வந்தால் நீ இங்கேயே இருக்கலாம் என்றார்.

டேப்பை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய் அளந்தேன். அட்டிக்கும் அட்டிக்கும் நடுவே ஒரு ஆள் மூட்டையோடு நடக்க வழி விட்டிருப்பார்கள். மிளகுக்கும் காற்று வேண்டும். அந்த வழிக்குத் திரையில் எட்டு பிக்ஸல் ஒதுக்கினேன். மூட்டை இருக்கும் அட்டிக்கு நிறம் நிரப்பிய கட்டம், காலி அட்டிக்கு வெறும் வெளிக்கோடு. குடோன் மேனேஜருக்குக் கண் மங்கல் என்பதால் அந்தக் கோட்டையும் எட்டு பிக்ஸல் தடிமனாகப் போட்டேன். எல்லா அட்டியும் நிறைந்திருப்பதாக வைத்துத்தான் சோதித்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது.

ஆனால் காட்டப்போன அன்று குடோன் முக்கால்வாசி காலி. உண்மைக் கணக்கை ஏற்றியதும் வெளிக்கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு வழியைக்கூடக் காணோம்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதில் வழி எவிடெ? சுமடு எடுக்குந்நவன் பறக்குமோ?" என்று மலையாளத்தில் கேட்டார். வழி எங்கே, மூட்டை தூக்குகிறவன் பறந்தா போவான் என்று அர்த்தம்.

முதலாளி என்னைக் காட்டி, "இவளாணு வரச்சது" என்றார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. என் அப்பா அந்தக் கடைவீதியைத்தான் பெருக்குகிறார். மேனேஜருக்கு என்னை நன்றாகத் தெரியும். அவரே ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

இரண்டு நாள் எண்களையே சரிபார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. பிரவுசரைத் திட்டினேன், திரையைத் திட்டினேன். வியாழக்கிழமை மத்தியானம் எரிச்சலில், ஒரே இடத்தில் ஒரே அளவுக்கு இரண்டு கட்டம் போட்டேன்: முதலில் நாற்பது பிக்ஸல் தடிமனில் ஒன்று, அதன் மேலேயே வேறு நிறத்தில் முடி போன்ற மெல்லிய கோட்டில் இன்னொன்று. தடித்த கோட்டின் நட்டநடுவில் மெல்லிய கோடு ஓடியது. அதாவது பாதி உள்ளே, பாதி வெளியே!

குடோன் தரையில் அட்டிக்குச் சாக்பீஸால் கோடு போடுவார்கள். எத்தனை பட்டையாக இழுத்தாலும் அந்தக் கோடு அட்டிக்குச் சொந்தம். வழியில் ஒரு இழைகூட ஏறாது. சின்ன வயசிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கம்ப்யூட்டரும் அப்படித்தான் போடும் என்று நினைத்துவிட்டேன். அதுவோ இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று என் எட்டு பிக்ஸலையும் விழுங்கியிருந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் நாலு பிக்ஸல் உள்ளே தள்ளித் தொடங்கினேன், நீளத்திலும் அகலத்திலும் எட்டைக் குறைத்தேன். வழிகள் எல்லாம் பளிச்சென்று திறந்துகொண்டன. யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தேன். கீழே போய் ஒரு சாயாவும் இரண்டு பழம்பொரியும் எனக்கு நானே வாங்கிக் கொடுத்தேன்.

மறுபடி காட்டினோம். மேனேஜர் வாசலிலிருந்து தராசு வரை திரையிலேயே விரலால் நடந்துபோனார். மூட்டை தூக்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அதில் ஒருவர், "இந்த மூலைல என் தோள் இடிக்கும்" என்று குடோனில் நிஜமாகவே இடிக்கும் இடத்தைத் திரையில் தொட்டார்.

"ஆரா இது சரியாக்கியது?" என்றார் மேனேஜர்.

"ஞங்ஙள் எல்லாரும் கூடி" என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்ததாகச் சொன்னார் முதலாளி.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "கழிஞ்ஞ ஆழ்ச்ச தெற்றிச்சதும் ஞான் தன்னெ. இன்னு சரியாக்கியதும் ஞான் தன்னெ" என்றேன். போன வாரம் தப்பாகப் போட்டதும் நான்தான், இன்று சரிசெய்ததும் நான்தான் என்று.

முதலாளியின் முகம் சுருங்கியது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேனேஜர் சிரித்துவிட்டு, மற்ற குடோனையும் இந்தக் குட்டியே வரைந்தால் போதும் என்றார். அதற்குப் பிறகு முதலாளியால் என்னை அனுப்ப முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"முதலாளி நிக்கறப்பவா சொன்ன?"

"ஆமாப்பா."

"மேனேஜரு முன்னாடியா?"

"ஆமா."

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவ சொல்லு, கேக்கறேன்" என்றார்.

சொன்னேன்.