ஐந்தாவது பாட்டில்

வல்லம் சாலையில் உள்ள எங்கள் வீட்டுக் கிணற்று நீரைக் குடிப்பதை நிறுத்தியது ஓர் ஆவணி மாதத் திங்கட்கிழமை. என் மனைவிக்கு வயிற்றுப்போக்கு தொடங்கி அன்று ஒன்பதாம் நாள். நாட்குறிப்பில் இருக்கிறது. வேலிக்கு அப்பால் ஒரு கோழிப்பண்ணை. என் சந்தேகம் அதன் மேல்தான். மறுநாள் முதல் தெருவில் வண்டியில் வரும் சீல் வைத்த கேன் தண்ணீர் வாங்கினோம். அப்படியும் வாரம் தப்பாமல் அவளுக்கு வயிறு கெட்டது. புடவை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனாள்.

கார்த்திகையில் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். நீரில் ஒளியைச் செலுத்தினால் அதில் கரைந்திருப்பவை கைரேகைபோலப் பதிவாகும் என்றார். அதிலுள்ள கிருமிகளின் மரபணுவைப் படித்தால் அவை மாட்டின் குடலிலிருந்து வந்தவையா, கோழியின் குடலிலிருந்தா என்று சொல்லிவிடலாமாம். இதைப் பற்றி நானும் படித்திருந்தேன். அறிவியல் மேல் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முன்பு எங்கள் நிலத்தில் இரண்டு முறை மண் எடுத்துப் போனவர்கள் முடிவைச் சொல்லவே இல்லை. தவிர, பண்ணைக்காரர் இந்த மாணவிக்கு நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்ததையும் பார்த்திருந்தேன்.

நான் தேதி, நேரம் தவறாமல் எழுதுபவன் என்பதால், எங்கள் தெருவின் நான்கு கிணறுகளில் விடியற்காலை நீர் எடுக்கும் வேலையை என்னிடமே விட்டார். உடைந்தால் வேண்டும் என்று ஐந்தாவது பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதில் வீட்டுக் கேன் தண்ணீரை நிரப்பி, ‘தெருக்கோடிப் பழைய கிணறு, காலை 6.10’ என்று எழுதி ஒட்டினேன். சீல் வைத்த நீரில் மாடோ கோழியோ எந்தக் கிருமி இருப்பதாகச் சொன்னாலும் ஆய்வே பித்தலாட்டம் என்று தெரிந்துவிடும்.

மார்கழியில் போன் வந்தது.

“சார், உங்க கிணறும் அந்தப் பழைய கிணறும் பக்கம் பக்கமா இருக்குதா?”

“இல்லியேம்மா. நல்ல தூரம்.”

“ரெண்டும் ஒரே தண்ணி மாதிரி காட்டுது சார். ரெண்டுலயும் கோழிக் கிருமி. திரும்பவும் செஞ்சி பாத்துட்டேன்.”

எனக்கு ஒரே குஷி. மனைவியிடம் ஓடினேன். “மாட்டிக்கிச்சு அந்தப் பொண்ணு! சீல் போட்ட கேன்ல கோழி இருக்குதாம்!”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “அந்த வண்டிக்காரன் தண்ணி எங்க ரொப்புறான்?”

“இன்னாத்துக்குக் கேக்குற?”

“எல்லாத்தையும் எழுதுறீங்களே, அத எழுதுனீங்களா?”

எழுதவில்லை. மறுநாள் விடிவதற்குள் வேலியோரம் போய் நின்றேன். பண்ணை போர்வெல் குழாயில் நீலக் கேன்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஒருவன் தலைமுடி உலர்த்தும் மிஷினால் மூடி மேல் பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கிச் சுருக்கிக்கொண்டிருந்தான். எங்கள் கிணற்றிலிருந்து முப்பதடிகூட இருக்காது.

“ஊர்ல ஒருத்தரயும் நம்ப மாட்டீங்க,” என்றாள் மனைவி. “அந்த பிளாஸ்டிக்க மட்டும் நம்புனீங்க.” சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

மாணவிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

“அப்ப அந்த பாட்டில நான் சேத்துக்க முடியாது சார். லேபிள் பொய்.”

“தண்ணி பொய் இல்லியேம்மா.”

“எங்க எடுத்ததுன்னு தப்பா எழுதின தண்ணிய வெச்சி யாரையும் குத்தம் சொல்ல முடியாது சார். வெள்ளிக்கிழம நானே வந்து எடுக்குறேன்.”

வேறு யாரிடமும் நாங்கள் வாய் திறக்கவில்லை. வியாழக்கிழமை கேன் வண்டி வரவில்லை. வெள்ளியன்று மாணவி வந்தபோது போர்வெல் கொட்டகைக்குப் புதுப் பூட்டு. பண்ணைக்காரர் மறுபடி இளநீர் வெட்டினார். மாணவி குடிக்கவில்லை. எங்கள் கிணற்று முடிவை மட்டும் கையெழுத்திட்டுத் தந்துவிட்டுப் போனார். விஷயம் எப்படிக் கசிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. வேலியோரம் என்னைப் பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

அன்று முதல் கொதிக்க வைத்த தண்ணீர்தான். பதினொன்றாம் நாள் அவள் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். அந்த வண்டி இப்போது அவலூர்பேட்டைப் பக்கம் ஓடுகிறதாம்.